மின்னாத பச்சை

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு லாரி பெயின்ட் ஷெட்டில் இருந்தேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, ஓட்டல், லாரி கிளீனர் என்று எதிலும் நிலையாக நின்றதில்லை. ஷெட்டில் தார்ப்பாய்தான் படுக்கை. பெயின்டைக் கரைக்கும் தின்னர் பட்டு விரலிடுக்கில் தோல் உரியும். ஆனாலும் அந்த இடம் பிடித்திருந்தது. முதலாளியைப் பாய் என்போம். அவர் பெயின்ட் அடித்த லாரியில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஒருநாள் ஒரு பழைய பட்டாள ஜீப் வந்தது. கொண்டுவந்தவர் ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆவடி குவார்ட்டர்ஸில் மகனோடு இருந்தார். ஏலத்தில் போய்க் கை மாறி மாறி, நீலமும் மஞ்சளுமாக வண்டியின் மேல் பூச்சு தடித்துக் கிடந்தது.

"பழைய பட்டாளக் கலரே வேணும் பாய்," என்றார். "திருநின்றவூர்ல என் கூட்டாளி வாதம் வந்து படுத்துகினு கீறான். ரெண்டு பேரும் இந்த மாதிரி வண்டிதான் ஓட்டினோம். இப்ப என்னையே அவனுக்கு அடையாளம் தெரியல. வண்டியயாவது தெரியுதான்னு பாக்கணும். ஞாயித்துக்கெழம அவன் ஊட்டு வாசல்ல நிறுத்தணும்."

எது பழைய கலர்? ஆளுக்கொரு பச்சை சொன்னோம். டாஷ்போர்டில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைப் பாய் நெம்பி எடுத்தார். அடியில் யார் கையும் படாத பச்சை, விரல் அகலத்துக்கு. பச்சை டப்பாவை அவர் தொடவே இல்லை. மஞ்சளில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். துளி சிவப்பு சேர்த்தார். ஒவ்வொரு கலவையையும் டப்பா மூடியில் தடவி, வெயிலில் காயவைத்து, அந்த இடத்தோடு ஒட்டிப் பார்த்தோம். ஈரத்தில் ஒன்றாகத் தெரிந்தது காய்ந்ததும் வேறாகிவிடும். கடைசியில் ஒரு மூடி அதோடு அப்படியே பொருந்தியது.

அடித்து முடித்தோம். அதன்மேல் பாய், வழக்கம்போல, ஒரு கை வார்னிஷும் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை வந்த டிரைவர் வண்டியைப் பார்த்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய், கல்யாணக் காரு மாதிரி பண்ணி வச்சிகிறே! கலரே மாறிப்போச்சே."

"கலர் அதே கலர்தான். எங்க ஷெட்லேர்ந்து மங்கலா ஒரு வண்டி போனா எவன் என்னை மதிப்பான்?"

"பட்டாளத்துல மின்னினா சுட்டுருவான் பாய்!"

பாய் தகடு இருந்த இடத்தையும் பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வார்னிஷின் பளபளப்பில் பச்சை இருண்டு, வேறு பச்சையாகத்தான் தெரிந்தது. உள்ளே போய்த் ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில் தேய்ந்ததாகச் சிலவும் சோப்புத் தண்ணீரும் எடுத்துவந்து, லுங்கியை மடித்துக் கட்டினார்.

டிரைவரும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் தேய்த்தோம். புதுப் பேப்பர் போட்டால் பெயின்டையே தின்றுவிடும். அழுத்தினால் மூலைகளில் தகரம் தெரிந்துவிடும். இன்னொரு கை அடித்துக் காயவைக்க நேரமும் இல்லை. ஈரமாக இருக்கும்வரை எல்லாம் மினுமினுக்கும், தேய்த்தது போதுமா என்று தெரியாது. காயக் காத்திருந்து, பார்த்து, மறுபடி தேய்த்தோம்.

"மிலிட்டரி, வலிக்குதா?" என்றார் பாய்.

"ஒன் வாய் மூடினா கை வலி கொறையும்," என்றார் டிரைவர்.

வெயில் இறங்கும்போது ஜீப் தூசி படிந்ததுபோல மங்கி நின்றது. தகட்டின் அடியில் இருந்த பச்சையும் வெளியே இருந்த பச்சையும் ஒன்றாகிவிட்டன. பாய் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார்கள். கூட்டாளியை அவர் மனைவி தாங்கிப் பிடித்து வாசலுக்கு நடத்தி வந்தார். கூட்டாளி டிரைவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஜீப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வாய் கோணியபடிதான் பேசினார், ஆனால் தெளிவாகக் கேட்டது:

"டேய் சோம்பேறி... வண்டிய இன்னும் கழுவலியா? சுபேதார் வந்தா தோல உரிப்பான்டா."

டிரைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பாய்தான் முதலில் நகர்ந்து, கதவில்லாத அந்த ஜீப்பில் கூட்டாளியை இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். ஏரிக்கரை வரை போய் வந்தோம். முன்சீட்டில் அவர் வழி முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.