பரீட்சை நாளில் ஓடிய மிக்சர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்து மலருக்கு நீயும் எழுது என்றார்கள். வாயால் சொல்வதைவிட இது சுலபம் என்று ஒத்துக்கொண்டேன். தட்டச்சு செய்கிற தம்பி பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளட்டும்.

நான் கான்கிரீட் மிக்சர் ஓட்டுகிறவன். இந்த வேலைக்கு வந்ததே கூச்சத்தால்தான். மிக்சர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கையைக் காட்டினால் போதும். எனக்கு அந்தச் சத்தம் ஒரு போர்வை. அடுத்தவர்களுக்கு அது என்ன என்று நான் யோசித்ததில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மேல்தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. போட்டது இறுகிவிட்டால் பிறகு போடுவது அதோடு ஒட்டாது. அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கும். ஊட்டி மழைக்கு ஒரு கோடு போதும், வீடு முழுக்க வாளி வைக்க வேண்டும்.

பெர்ன்ஹில்லில் சரிவில் ஒரு வீடு. மளிகைக்கடை வைத்திருக்கும் வேலுச்சாமி கட்டினார். மாசி மாதத்தில் நல்ல முகூர்த்தம் பார்த்துத் தளம் போட நாள் குறித்தார். ஊரில் வீடு கட்டுகிற எல்லோரும் அதே நாளைத்தான் குறித்திருந்தார்கள். வாடகை மிக்சர் கிடைக்காமல் குன்னூரிலிருந்து ஏற்றிவந்தவர்கள் உண்டு. நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் பார்த்தவர்கள், சரிவுக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு பிளஸ் டூ பரீட்சை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பாதித் தளம் தாண்டும்போது பள்ளிக்கூட வாட்ச்மேன் மேலே ஏறி வந்தார். மேஸ்திரி பழனிச்சாமி அவரைப் படியிலேயே மறித்து, ராத்திரியில்தான் சத்தம் போடக் கூடாது, பகலில் சட்டமே விட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அடுத்து நகராட்சியிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். அன்று காலையில் அவருக்கு இது நான்காவது புகாராம். ஓரிடத்தில் பேசிவிட்டு அடுத்த மேடு ஏறுவதற்குள் பழைய இடத்தில் மிக்சர் ஓட ஆரம்பித்துவிடுகிறது என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி அமைதி மண்டலம், ஹாரன்கூட அடிக்கக் கூடாது என்றார். அப்படியானால் நிறுத்தச் சொல்கிறீர்களா என்று மேஸ்திரி கேட்டார். தன்னால் நோட்டீஸ் மட்டும்தான் தர முடியும், நிறுத்த வேண்டியது போலீஸ் என்றார் அவர்.

போலீஸ்காரர் வந்தார். எழுத்தில் புகார் இல்லாமல் கை வைக்க முடியாது என்றார். அதோடு, இது அளவுக்கு மேற்பட்ட சத்தமா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டுமாம். மீட்டர் யாரிடம் இருக்கிறது என்று போனில் கேட்டார்கள். இருக்கிறது, ஆனால் வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது.

இத்தனையும் என் காதுக்கு இரண்டு முழம் தள்ளி நடந்தது. இன்ஜின் ஓடுவதால் மூவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கீழே பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். மேலே மூன்று பெரிய மனிதர்கள் இது சத்தமா இல்லையா என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நிறுத்துகிற அதிகாரம் யாருக்கும் இல்லை. நிறுத்துகிற லீவர் என் கையில் இருந்தது.

நகராட்சிக்காரர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்களாச்சும் மனசு வெச்சு நிறுத்தலாமில்லீங்களா" என்றார்.

"ராசு, கைய அதுல வெச்சீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் கலவை சுமக்கும் செல்வி சட்டியைக் கீழே வைத்தாள். எங்கள் குழுவிலேயே பெரிய குரல் அவளுடையது. அன்று காலையிலிருந்து அவள் குரலே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அங்க எம்பையன் எழுதிட்டிருக்கான் மேஸ்திரி. வேன்ல இருந்து எறங்குனப்பவே கீழ அவன் பள்ளிக்கூடத்தப் பாத்துட்டேன். சொன்னா ஊட்டுக்குப் போன்னுருவீங்கன்னு வாய மூடிட்டிருந்தேன். இனி முடியாதுங்க."

"உம்பையனுக்காக அவரு ஊடு ஒழுகோணுமா?"

"ஒழுகாம போடலாம். மிசின் வரதுக்கு முன்னாடி ஊர்ல ஊடே கட்டலையா? மம்பட்டிய எடுங்க. உங்க தொப்பையும் கொஞ்சம் கரையட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன். யார் சொல்லியும் இல்லை.

சத்தம் நின்றதும் கீழே ஹாலில் நாற்காலி இழுபடுவது மேலே கேட்டது. அவ்வளவு பக்கம். போலீஸ்காரர் பழக்கத்தில், எழுத்தில் புகார் வேண்டும் என்று இன்னொரு தடவை சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நகராட்சிக்காரர் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். பிறகு, உத்தரவு வாங்கி வருகிறோம் என்று இருவரும் போய்விட்டார்கள்.

வேலுச்சாமி முகம் சுண்டிப்போய் நின்றார். அவருக்கு ஆயுளில் ஒரு வீடு. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் மம்பட்டி எடுத்தது அவர்தான். தகரத்தில் மம்பட்டி உரசினால் சத்தம் வரும் என்று கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் கலவை போட்டோம். பாதியில் நின்ற தளத்தின் ஓரம் இறுகாமலிருக்க ஈரச்சாக்கு மூடி, புதுக் கலவை மேலே போகப்போக, அது ஒட்டுவதற்காக அந்த ஓரத்தில் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்த பால் ஊற்றினோம். கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டருக்குப் பதில் கம்பியால் குத்தினோம். பெண்கள் சாரத்தில் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். ஒரு பேச்சு இல்லை. செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டே சட்டி தூக்கினாள். என் முதுகு முறிந்துவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் முறைத்துக்கொண்டே அள்ளினார், ஆனால் அள்ளினார்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்து பஸ் ஏறினார்கள். நான் இன்ஜினைப் போட்டேன். இரண்டு டிரம் கலவை மேலே போயிருக்கும். நகராட்சிக்காரரும் போலீஸ்காரரும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். கையில் தாள்.

"இப்பத்தான் கையெழுத்தாச்சுங்க. உடனே நிறுத்தோணும்."

"பரீட்சை முடிஞ்சு பசங்கெல்லாம் ஊட்டுக்கே போயிட்டாங்க சார்" என்றார் மேஸ்திரி.

"தெரியுதுங்க. ஆனா மறு உத்தரவு வரைக்கும்னு போட்டிருக்குதே."

"மறு உத்தரவு எப்பங்க வரும்?"

"கையெழுத்துப் போட்டுட்டு அய்யா கல்யாணத்துக்குப் போயிட்டாருங்க. இன்னிக்கு முகூர்த்தமில்லீங்களா."

மேஸ்திரி அப்படியே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடக் கூடாத நேரத்தில் தடுக்க ஆள் இல்லை. போடலாம் என்கிற நேரத்தில் தாள் வந்து நிற்கிறது. மீதியையும் கையாலேயே கலந்து போட்டோம். முடிக்கும்போது பனி இறங்கி ஆள் முகம் தெரியவில்லை. தடை மிசினுக்குத்தானே, எங்கள் வாய்க்கு இல்லையே என்று செல்வி அன்றைய பாக்கியை எல்லாம் சேர்த்துக் கத்தித் தீர்த்தாள். தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று வேலுச்சாமி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

அன்றைக்கு வேன் ஏறும்போது, பையன் எப்படி எழுதினான் என்று செல்வியைக் கேட்டேன். நானாக ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பது அபூர்வம்.

"போன்ல சொன்னானுங்கண்ணா. பின்பாதி நல்லா எழுதிட்டானாம். முன்பாதியில உங்க மிசின்தான் மண்டைக்குள்ள ஓடுச்சாம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தளத்தின் பாதிக்குச் சாக்குப் போட்டு, சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டவைத்துவிட்டோம். பையனுடைய முன்பாதிக்கு எதை ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் வேலைக்கு முந்தின நாளே போய்ச் சுற்றிலும் இருக்கும் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லா வாசலிலும் நின்று, நாளைக்கு மிக்சர் ஓடும், உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் உண்டா என்று கேட்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சிலர் திட்டுகிறார்கள். கைக்குழந்தை தூங்குகிற நேரம் சொல்கிறவர்களும் உண்டு. இப்படிக் கேட்கச் சொல்லி எந்த அதிகாரியும் சொன்னதில்லை, எந்தத் தாளும் வந்ததில்லை. தம்பிமார்களே, தாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். லீவர் உங்கள் கையில்தான் இருக்கும்.

எழுதி முடித்தது, ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, மழையால் வேலை இல்லாத நாள்.