இரண்டுக்கும் நடுவே

நெடுந்தீவுக் கடற்றொழிலாளி பத்திநாதரிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. கேட்டால் கைமணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "இது சரியா ஓடுதோ தெரியாது" என்பார். அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் கடலுக்குப் போகாதே என்று அவரிடம் சொன்னவர்களில் பலர், பிறகு அந்தக் கடலைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் காரணம் தீர்ந்த பிறகும் சந்தேகம் பழக்கமாக மிஞ்சிவிடுகிறது. அதை மதிநுட்பம் என்று சொல்லிவிட முடியாது.

பங்குனியில், கடல் தட்டையாகக் கிடந்த நாளொன்றில், காவல் படகு ஒன்று இறங்குதுறைக்கு வந்தது. அதில் வந்தவர் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஆட்களைக் கூட்டி விளக்கம் சொன்னார். எண்ணெய் தேடித் துளையிடும் மேடை ஒன்று நாளைக் காலை இந்தப் பக்கமாகப் போகும். அதற்குச் சொந்த ஓட்டம் கிடையாது. கடலடியில் ஊன்றும் மூன்று கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு தெப்பம்போல மிதக்கும். முன்னால் ஓர் இழுவைக் கப்பல் இழுத்துப் போகும். பாரம் மேலே நிற்பதால் பெரிய அலை அதற்கு ஆகாது; அதனால்தான் இந்த அமைதிக்குக் காத்திருந்தார்கள். நினைத்த இடத்தில் நிறுத்தவும் ஏலாது. ஆகவே பாதையில் வலை கிடந்தால் எடுத்துவிடுங்கள். கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள், கம்பிவடம் தண்ணீருக்குள் இருக்கும்.

"காலைத் தூக்கிக்கொண்டு போறது நாளைக்கு எங்கடை வாசலிலை ஊண்டாது எண்டு ஆர் கண்டது?" என்றார் பத்திநாதர். "வலையை எடு எண்டுறவன் இடத்தைத்தான் கேக்கிறான்."

வீட்டில் மனைவி மேரிஜோசப்பினுக்குப் பொறுமை போய்விட்டது. "தோமையாரே யேசுவின்ரை காயத்தைக் கண்டு நம்பினவர். நீங்கள் தொட்டுப்போட்டு விரலை மணந்தும் பாப்பியள்."

அவர் வலையை எடுக்கவில்லை. போன மாரியில் றோலர் மீன்பிடிப் படகுகள் அறுத்ததுபோக மிஞ்சிய நண்டு வலை அது ஒன்றுதான். அவருடைய வீடும் மருமகன் கிளின்ரனின் வீடும் அதில்தான் சாப்பிட்டன.

மறுநாள் காலையில் அவரும் கிளின்ரனும் வலையிழுக்கப் போனபோது அது வந்துகொண்டிருந்தது. முன்னால் கட்டையான இழுவைக் கப்பல். வெகு பின்னால், மூன்று கோபுரங்களை ஒரு தட்டில் நட்டதுபோல மேடை. காவல் படகு மறுபக்கத்தில் வேறு படகுகளை விலக்கிக்கொண்டிருந்தது. கப்பல் வலையைக் கடந்துவிட்டது, மேடை இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் வெறும் தண்ணீர். அதில் அவர்களுடைய சிவப்புக் கொடிகள்.

"மாமா, நேரம் கிடக்கு. உள்ளை போய்த் தூக்கிக்கொண்டு வந்திடலாம்."

"போம்."

கிளின்ரன் எஞ்சினை முறுக்கினான். "வயரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாத்தீங்களே?"

பத்திநாதர் பார்த்தார். ஒன்றுமில்லைத்தான். தன் கண்ணை மட்டுமே நம்பி வாழ்ந்தவருக்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. ஆனாலும் அவர் பார்வை கப்பலுக்குப் போனது. அது கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது, பின்புறத்தில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. நகர்ந்ததோ ஆள் நடக்கிற வேகத்தில்.

"நிப்பாட்டும்."

"ஏன்?"

"நிப்பாட்டும் எண்டுறன்!"

கொடிகளுக்குச் சற்று இப்பால் படகு நின்றது. கிளின்ரனுக்கு ஆத்திரம் வந்தது. "நேற்று அவங்களை நம்பேல்லை. இண்டைக்குத் தண்ணியையும் நம்பேல்லையோ? வலை போகப்போகுது, மாமா!"

"சும்மா ஓடுற கப்பல் இப்பிடி முக்காது. உந்தத் தண்ணி பொய் சொல்லுது. திருப்பும்."

திருப்பி முடிப்பதற்குள் முதற்கொடி நடுங்கியது. காற்றில்லை. கொடி சாய்ந்து, கம்போடும் மிதப்போடும் உள்ளே இழுபட்டு மறைந்தது. அவர்கள் வலை தூக்கியிருக்க வேண்டிய இடம் அது. பிறகு மேடையின் நிழல் நீண்டு அவர்களை மூடிக் கடந்து போனது.

மறுகொடியைப் பிடித்து இழுத்தபோது பாதி வலைதான் வந்தது. அறுந்த கயிற்றின் நுனியில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பத்திநாதர் அதை விரல்களுக்கிடையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"வயருக்குப் பூசுற கிறீஸ்," என்றார்.

"மணந்து பாத்தனீங்கள் எண்டு மாமியிட்டைச் சொல்லட்டோ?" கிளின்ரன் கேட்டான்.

பத்திநாதர் பாதி வலையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் சிறுத்துப்போகும் மேடையைப் பார்த்தார்.

"கால் இன்னும் மேலைதானே நிக்குது? வடிவாப் பாரும்."

"ஓம் மாமா, மேலைதான்."

"கரைக்குப் போயும் ஒருக்கால் பாப்பம்."