டனாகிலுக்குப் போகாத ஆண்டுகள்

எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கா என்றால் சிங்கமும் யானையும் கிடையாது. கல், உப்பு, மணல், கொதிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். என் கணவர் ஜியாலஜி படித்தவர். படித்து முடித்ததும் அதில் வேலை கிடைக்கவில்லை. எல்லோரையும் போலக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வந்து சேர்ந்தார். எண்ணெய்க் கம்பெனிகளுக்காக, பூமிக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்குகளைத் திரையில் காட்டும் மென்பொருள் எழுதுவது அவர் வேலை. நாள் முழுக்கப் பாறைதான், ஆனால் ஒரு கல்லைக்கூடக் கையால் தொட வேண்டியதில்லை. அந்த ஏக்கத்தை மாலையில் சோபாவில் உட்கார்ந்து வீடியோ பார்த்துத் தீர்த்துக்கொள்வார்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஆங்கிலத்துக்குப் பயந்து கடைக்குக்கூடத் தனியாகப் போக மாட்டேன். என் விசாவில் வேலைக்கும் போக முடியாது. அதனால் அவர் பார்த்ததையெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஹூஸ்டன் நகரத்துக்குள் நான் பார்க்காத தெருக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் மடகாஸ்கரில் ஊசி ஊசியாக நிற்கும் சுண்ணாம்புக்கல் காடு எனக்குத் தெரியும். தான்சானியாவில் இருக்கும் நாட்ரன் ஏரியின் சிவப்புத் தண்ணீர் தெரியும். கடலுக்குப் போகாமல் பாலைவனத்துக்குள் புகுந்து விரிந்து அங்கேயே வற்றிப்போகும் ஒகவாங்கோ ஆறு தெரியும். நமீபியாவின் புல்வெளியில் யாரோ தட்டை வைத்து வெட்டியதைப் போல வட்ட வட்டமாகப் புல் முளைக்காத இடங்கள் தெரியும். அது ஏன் அப்படி என்று கேட்டால், "இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்காங்க, ஒருத்தன் கரையான்றான், ஒருத்தன் தண்ணின்றான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு டனாகில். எத்தியோப்பியாவில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பள்ளம் அது. அங்கே டல்லோல் என்ற இடத்தில் தரையிலிருந்து அமிலம் ஊறி மஞ்சளும் பச்சையுமாகக் குளம் கட்டி நிற்கிறது. ஒரு நாள் நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வந்து ஒரு உருண்டையை எடுத்துத் தட்டினார். ஒரு பக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார், மகளை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம். மூவரும் இழுத்தோம். நடுவில் மெலிந்து, கிழிந்து, ஓட்டை விழுந்தது. "பூமி இப்படிக் கிழியுறதை மேல நின்னு பாக்கறதுக்கு உலகத்துலயே அந்த இடம்தான். கடைசியில கடல் உள்ள வந்துடும்" என்றார். மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். "வென் ஆர் வி கோயிங்?" என்று கேட்டாள்.

"கிரீன் கார்டு வரட்டும்டா" என்றார்.

இங்கே இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பதில் புதிதில்லை. வீடு வாங்குவதா, கிரீன் கார்டு வரட்டும். நல்ல கட்டில் வாங்குவதா, வரட்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாய்க்குட்டி வாங்குவதைக்கூட அதற்குப் பிறகு என்று தள்ளி வைத்திருந்தது. வேலை விசாவில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி வர பாஸ்போர்ட்டில் புதிதாக விசா குத்த வேண்டும். அதற்கு இந்தியாவில் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சில பேருக்கு மட்டும் காரணம் சொல்லாமல் நிறுத்தி வைப்பார்கள். அவர் ஆபீசில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போனவர், மாதக் கணக்கில் மாட்டிக்கொண்டு வேலை போய், இங்கே வீட்டுச் சாமான்களை நண்பர்கள் விற்றுக் கொடுத்தார்கள். அதிலிருந்து எல்லோருக்கும் பயம். அப்பா அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அந்தப் பயத்தோடு போவோம். ஒரு பள்ளத்தைப் பார்க்க யார் போவார்கள்?

கண் விஷயம் எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. இருட்டில் அவருக்குத் தெரியாது என்பது கல்யாணத்தின்போதே தெரியும். மாலைக்கண் என்று நினைத்துக்கொண்டு கேரட்டும் கீரையுமாகச் செய்துபோட்டேன். பிறகு பகலிலும் இடிக்க ஆரம்பித்தார். ஒரு பாட்லக்கில், எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை அது, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தட்டை மிதித்துவிட்டார். கையில் இருந்த ரசம் கொட்டியது. "என்ன தலைவரே, டனாகில்லயா நடக்கறீங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "குழந்தை அங்க இருந்ததே எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஒரு வட்டம். அதன் ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பிறப்பிலேயே இருப்பது, நிறுத்த வழி இல்லை. நடு இடம் கொஞ்ச காலம் இருக்கும், எத்தனை காலம் என்று சொல்ல முடியாது என்றார். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார். நிறங்கள் தெரியுமா என்று. கொஞ்ச நாளைக்குத் தெரியும் என்றார் டாக்டர்.

அந்த வாரமே வக்கீலுக்குப் போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார், நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வக்கீல் நல்ல மனிதர். போகக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் தான் பரிந்துரைக்க மாட்டேன் என்றார். இங்கே திரும்ப முடியாமல் போனால் வேலை போகும், வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், கண் வைத்தியமும் போகும், இத்தனை வருடம் காத்திருந்த கிரீன் கார்டு வரிசையிலும் சிக்கல் வரும். முன்னால் இருப்பவர்கள் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

பொறுத்தோம்.

நண்பர்களிடம் கண் பற்றிச் சொல்லும்படி ஆனது. எல்லோரும் உதவியாகத்தான் இருந்தார்கள். ஆப்பிரிக்கா ஆசையைச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியவில்லை. "4K-ல வீட்டுல உக்காந்து பாக்கறியே, அதைவிடவா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஜூலை மாசம் நம்ம பார்க்கிங் லாட்ல நில்லுப்பா, அதான் டனாகில்" என்றார். ஒரு ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கேயே எல்லோஸ்டோனிலும் அதே மாதிரி கலர் குளம் இருக்கிறதாம், விசா தொல்லை இல்லை, கூட்டிக்கொண்டு போ என்றார். போனோம். அவர் மரப்பலகை நடைபாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அழகாக இருக்கிறது என்றார். ஹோட்டலுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்குப் பொண்ணோட தங்கச்சியைக் காட்டின மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தியாவுக்கு இரண்டு முறை போக வேண்டி வந்தது. ஒரு முறை அவர் அம்மா, ஒரு முறை என் அப்பா. விடுமுறையெல்லாம் அதில் போயிற்று. விசா இரண்டு முறையும் சிக்கல் இல்லாமல் கிடைத்தது. இரண்டாவது முறை தூதரகத்திலிருந்து வெளியே வந்தபோது அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "இவ்ளோ ஈஸியா குடுத்துட்டான். அப்ப போயிருக்கலாம்" என்றார். அப்போதும் போகலாமே என்று யாராவது கேட்கலாம். அவருக்கு லீவு இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம். அடுத்த முறை கொடுக்காமல் போனால்? இப்படியே நாங்கள் யோசித்தோம். எங்களைச் சுற்றி இருந்த எல்லோரும் இப்படித்தான் யோசித்தார்கள்.

அவர் கார் ஓட்டுவதை நிறுத்தினார். சுகர் லேண்டில் கார் ஓட்டாதவர் வீட்டுக்குள் அடைபட்டவர். நான் நடுங்கிக்கொண்டே கற்றுக்கொண்டு ஃப்ரீவேயில் அவரை ஆபீசுக்குக் கொண்டுவிட ஆரம்பித்தேன். டிவிக்கு முன்னால் அவர் நாற்காலி நெருங்கி நெருங்கி வந்தது. திரையின் ஒரு மூலை தெரிந்தால் மற்ற மூலைகள் தெரியாது. அதனால் என்னைச் சொல்லச் சொன்னார்.

"இப்ப என்ன காட்டறான்?"

"குளம்."

"என்ன கலர்?"

"மஞ்சளா இருக்குங்க."

"எந்த மஞ்சள்?"

எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. மஞ்சள் மஞ்சள்தான். எலுமிச்சம்பழம் என்றேன், இல்லை, அதைவிட அடர்த்தி. மஞ்சள்தூள் என்றேன், அதுவும் இல்லை. மாடிப்படியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "ஹைலைட்டர் யெல்லோ, அப்பா" என்றாள்.

"ஆங்" என்றார் அவர். அவருக்கு அது தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த வருடம் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பிறகு நான்தான். அவர் கேள்விகள் குறைந்தன. பெரிசா இருக்கு, சிவப்பா இருக்கு, தண்ணி விழுது. நான் சொல்லச் சொல்ல ஒவ்வோர் இடமும் சின்னதாகிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது. ஒரு நாள், "போதும், சீரியல் எதாவது போட்டுக்கோ" என்றார்.

கிரீன் கார்டு ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. மளிகைக் கடை விளம்பரத்துக்கு நடுவில் இருந்தது. பச்சை நிறம் கொஞ்சம்தான் அதில். அவர் விரலால் தடவி, "எழுத்து மேடா இருக்கு" என்றார். சனிக்கிழமை நண்பர்கள் கேக் கொண்டுவந்தார்கள். முதலில் எங்கே போகப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் டனாகில் என்றார். யாரும் கிண்டல் செய்யவில்லை. அந்த ஒருமுறை அவர்கள் கிண்டல் செய்திருக்கலாம்.

டனாகிலுக்கு அழைத்துப் போகும் ஆட்களுக்கு மகள் எழுதிக் கேட்டாள். மரியாதையாகப் பதில் வந்தது. அந்த உப்புத் தரை சில இடங்களில் அப்பளம் போல மெல்லியது, கீழே அமிலம், கால் வைக்கும் இடம் தெரியாதவரைக் கூட்டிப் போக முடியாது. மடகாஸ்கர் கல்காட்டில் கயிற்று ஏணி. அருவிகளில் ஈரப் பாறை. ஒவ்வொன்றாகப் போயிற்று. மிஞ்சியது நமீபியாவின் டெட்வ்லெய். சிவப்பு மணல் மேடுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தரை, அதில் பல நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன மரங்கள். ஈரமே இல்லாததால் மக்கக்கூட முடியாமல் கறுப்பாக நின்றுகொண்டிருக்கின்றன. வெள்ளையில் கறுப்பு என்பதால் அது தனக்குத் தெரியும் என்றார். டாக்டரும் தெரியலாம் என்றார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு காலையில் தானாக ஷேவ் செய்துகொண்டு வந்தார்.

எங்கள் டிக்கெட்டெல்லாம் போடுவது பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் இருக்கும் ஒரு அம்மா. வீட்டிலிருந்தே பாதி அமெரிக்கத் தமிழர்களைச் சென்னைக்கு அனுப்புகிறவர். நமீபியாவின் தலைநகரம் என்றதும், "அங்க எதுக்கும்மா, ஆன்சைட்டா?" என்று கேட்டார். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போட்டுக் கொடுத்தார்.

போவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். டெட்வ்லெய் படம் ஒன்றைத் திரை நிறைய வைத்தாள். அப்பா வந்து நின்றார். திரைக்கு மிகப் பக்கத்தில் போனார். தலையை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தினார், பிறகு மேலிருந்து கீழாக. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சப் பார்வையில் எதையாவது பிடிக்க அவர் எப்போதும் அப்படித்தான் தேடுவார்.

"ஆன் பண்ணிட்டியாடா?"

மகள் என்னைப் பார்த்தாள். "யெஸ், அப்பா."

"ஆவி அடிச்ச கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். "மரம் எங்க?"

அவர் மூக்குக்கு நேரே ஒரு மரம் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துத் திரையில் வைத்து, அடிமரத்திலிருந்து மேலே கொண்டுபோனேன். ஒரு கிளை, இன்னொரு கிளை. அவர் கையை என் போக்கில் விட்டார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். "டிவி சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவி அறைக்குப் போனார். விழித்திரையின் நடு இடமும் வீங்கிவிட்டது என்று அடுத்த வாரம் டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார். பலன் இல்லை.

போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அங்கே நின்றாலே போதாதா, மணலைத் தொட்டுப் பார்க்கலாமே, நான் சொல்லுகிறேனே என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் முடிக்கும் வரை கேட்டார்.

"நீ என்ன சொல்லுவே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் எனக்கு அழுகை வந்தது. "மரம் கறுப்பா இருக்குன்னு சொல்லுவே. அது எனக்குத் தெரியுமே."

டிக்கெட்டை நான்தான் ரத்து செய்ய வேண்டியிருந்தது. போனில் பேச எனக்கு எப்போதும் கூச்சம். அந்த அம்மா பதறிப்போனார். "கேன்சல் எதுக்கும்மா, தள்ளிப் போட்டுக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா போலாம்" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் பிளான் இருக்கா என்றார். இல்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தக் காசைச் சென்னைக்கே மாத்தி விட்டுடட்டுமா? டிசம்பர்ல சீட் இருக்கு."

பக்கத்து அறையில் அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் கேட்டிருக்கும். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"போடுங்க" என்றேன்.

"சார் ஜன்னல் சீட்தானே கேப்பார்?" என்றார் அந்த அம்மா.

எது இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.