பையில் வந்த மாலை

ஹவாயில் எங்கள் கவாய் தீவில் மஞ்சள் பூ பூக்கும் ஓஹியா மரம் அரிது. என் மனைவி மஹினா விதை போட்டு வளர்த்த ஒன்று எங்கள் கொல்லையில் நிற்கிறது. பக்கத்தில் 'பெரிய தீவு' என்று நாங்கள் சொல்லும் தீவில் ஒரு பூஞ்சை நோய் ஓஹியாக்களைக் காடு காடாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. சேற்றோடு வந்து, மரத்தில் காயம் பட்ட இடம் வழியாக அது நுழைந்துவிடும் என்று பயந்து, செருப்பில் ஸ்பிரிட் அடிக்காமல் எவரையும் அவள் உள்ளே விடமாட்டாள். பாதிரியாரே எங்கள் வாசலில் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்.

பெரிய தீவில் ஹூலா நடனம் ஆடிவிட்டு அவள் தங்கை கலேயா வந்தாள்.

"காலைத் தூக்குடி."

"ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு கெடுபிடி இல்லக்கா! அத்தான், இவளோட எப்படிக் குடித்தனம் பண்றீங்க?"

"நானும் காலைத் தூக்கிட்டுத்தான்," என்றேன்.

சிரித்தோம்.

ஆட்டத்துக்கு அணிந்த மாலையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. அது மரம் செடிக்கே திரும்ப வேண்டும். கலேயா பையிலிருந்து எடுத்துத் தந்த, வாடி உருத்தெரியாத மாலையை மஹினா முத்தமிட்டுத் தன் மரத்தில் கட்டினாள். இறுக்கியதில் ஒரு கொப்பு முறிந்தது.

சாப்பிடும்போதுதான் கேட்டாள்: "அது என்ன பூவுடி?"

"ஓஹியாதான்க்கா. ஆடுன எடத்துலயே பறிச்சது. ஏர்போர்ட்ல பிடுங்கிருவாங்கன்னு துணிக்குள்ள சுருட்டிக் கொண்டாந்தேன்."

செருப்பைத் துடைத்த மடையர்கள் நாங்கள், பையைப் பார்க்கவில்லை.

மஹினா வெளியே ஓடினாள். மரம் பச்சைப்பசேலென்று நின்றது. அந்த நோய் பிடித்த மரமும் கருகுவதற்கு முந்தைய வாரம்வரை இப்படித்தான் நிற்கும்.