ஒரு பாட்டுக்காரரின் செத்தவீடு

அவுஸ்திரேலியாவில் ட்ருகனினா என்ற இடத்தில் நான் வேலை செய்யும் கிடங்கில், லேபிள் ஒட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் ஒரு மெக்சிகோக்காரி. இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறைதான். எங்கள் சிநேகிதம் சப்பாத்தால் வந்தது. ஒருநாள் பக்கத்தில் நின்ற எங்கட ஊர்ப் பிள்ளையிடம், "சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு, கட்டும்" என்றேன். அந்தப் பிள்ளையோடு சேர்ந்து அவளும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவர்களுடைய ஸ்பானிஷ் பாஷையிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். பிறகு மேசை, சமைக்கிற குசினி, சாப்பிடுகிற பாண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தோம். போர்த்துக்கேயர் எங்கட மன்னாரில் விட்டுப்போன சொற்களை வைத்து நான் மெக்சிகோவோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை நேரத்தில் அவளுடைய போனில் எப்போதும் ஒரே குரல்தான் பாடும். கனத்த ஆண் குரல். வயலினும் ட்ரம்பெட்டும் முன்னால் ஓட, அது அவசரமில்லாமல் பின்னால் வரும். கடைசியில் ஒரு சொல்லைப் பிடித்தால் மூச்சு முடியுமட்டும் விடாது. அவர்கள் நாட்டுப் பண்ணைப் பாட்டாம். ரஞ்சேரா என்று பெயராம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவர் இழுக்கும் இடம் வந்தால் லேபிளைக் கையில் பிடித்தபடி அவளைப்போல நானும் நிற்கப் பழகிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண் வீங்கி வந்தாள். என்ன என்று கேட்டதும் என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். செத்துப்போனார் என்றாள். அப்பா என்றாள். அதற்கு மேல் அழுகையில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சூப்பர்வைசர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று பின்னேரம் என் மனுசனிடம் சொன்னேன். மன்னாரில் கடற்தொழில் செய்த மனுசன். ஒரு வள்ளத்திலிருந்து கூப்பிட்டால் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும். இங்கே கோழித் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குள் கதைத்துப் பிரயோசனமில்லை என்று கதைப்பதையே குறைத்துக்கொண்டவர்.

"செத்தவீட்டில அடுப்பு மூட்ட மாட்டினம்," என்றார். "நாளைக்குச் சமைச்சுக் கொண்டு போவம்."

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் செய்து, வெள்ளை உடுப்பு உடுத்துக்கொண்டு மத்தியானம் போய் இறங்கினோம். வீதியிலேயே ட்ரம்பெட் சத்தம் கேட்டது.

"பாண்ட் அடிக்கினமே?" என்று நான் தயங்கினேன்.

"எங்கட ஊர்ச் செத்தவீட்டிலயும் பாண்ட் அடிக்கிறதுதானே. வாரும்," என்றார்.

கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே இருபது பேரளவில் இருந்தார்கள். நடுவில் ஒரு படம்: பெரிய தொப்பி, அடர்ந்த மீசை, வெள்ளிப் பொத்தான் வைத்த சட்டை. முன்னால் மெழுகுதிரியும் பூவும். என் மனுசன் நேரே போய்ச் சிலுவை அடையாளம் போட்டுத் தலை குனிந்து நின்றார். நான் சட்டியோடு அவளிடம் போய், "உங்கட அப்பா நல்ல வடிவான மனுசன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"அது என் அப்பா இல்லை! பாட்டுக்காரர்! போனில் பாடுவாரே, அவர்! எனக்கு அப்பா மாதிரி என்றல்லவா சொன்னேன்!"

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. அவளோ விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முதல்நாள் அழுத கண்ணிலிருந்து இப்போது சிரிப்பில் தண்ணீர் வந்தது. அதோடு விட்டாளா? மெக்சிகோவில் இருக்கும் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, "உங்கள் செத்தவீட்டுக்குச் சோறு வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டாள்.

போனில் ஒரு கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். "என்ன கறி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவள் சட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு அவர் கதை சொல்ல, அவள் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இளம்வயதில் அந்தப் பாட்டுக்காரரைத் திறந்த மைதானமொன்றில் கேட்டாராம். மழை கொட்டியதாம். சனம் எழும்பவில்லை, அவரும் நிறுத்தவில்லை. மைக் பழுதாகிப்போன பிறகும் பாடினாராம், கடைசி வரிசைக்கும் கேட்டதாம். சொல்லிக்கொண்டே கிழவர் ஒரு வரியை எடுத்தார். கராஜில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டுகளுக்கு நடுவில் சனம் தொண்டை கிழியக் கூவுவது வழக்கம். ஒவ்வொருவராகக் கூவினார்கள்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "ஓஓஓ... ஹோய்!" கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற கூவல். என் மனுசன்தான். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, விடாமல் இழுத்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவுஸ்திரேலியாவுக்கு வந்து இத்தனை வருசத்தில் அந்தக் குரலை நான் கேட்கவேயில்லை. முடிந்ததும் கராஜே கைதட்டியது. மெக்சிகோவிலிருந்து கிழவர் என்னவோ கத்தினார்.

"இன்னொருமுறையாம்," என்றாள் அவள்.

இன்னொருமுறையும் கூவினார். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பால்கறி முதலில் முடிந்தது.

இப்போது காரில் என் மனுசனும் அந்தப் பாட்டுகளைத்தான் போடுகிறார். போன கிழமை நான் சிநேகிதியிடம் கேட்டு வந்து ஒரு பாட்டின் அர்த்தத்தைச் சொன்னேன்: விட்டுப்போனவளிடம் ஒருவன், நீ இல்லாமல் நான் நல்லாய்த்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்கிறானாம்.

"ஓம்," என்றார் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு. "பொய் சொல்லுறான் எண்டு எனக்கு முதலே விளங்கினது."