லோர்னின் சிவப்பு நாடா

எங்கள் ஆலயத்தில் யாரையும் கேட்காமல் தொடக்கூடாது. வாசலில் வானவில் கொடிக்குக் கீழே ஒரு கூடை இருக்கும், அதில் துணி நாடாக்கள். பச்சை நாடா என்றால் கட்டி அணைக்கலாம். மஞ்சள் என்றால் கைகுலுக்கலாம். சிவப்பு என்றால் தொடவே வேண்டாம். ஆராதனை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தால் போதும். தொற்றுநோய்க் காலத்தில் வந்த வழக்கம். நோய் போனது, கூடை போகவில்லை. வேறு இடங்களில் காயப்பட்டு, தொட்டாலே கூசிப்போகிறவர்கள் எங்களிடம் நிறைய. அவர்களுக்கு அந்தக் கூடை பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் லோர்ன் பெட்ரியை நினைத்தால் அதைத் தூக்கி ஏரியில் வீசத் தோன்றும்.

லோர்ன் இங்கே எங்கள் சட்பரி ஊரில், நிக்கல் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் ஆலயத்தில் இரண்டு ஆண்களுக்கு நடந்த முதல் கல்யாணம் அவருக்கும் டெனி கோத்தியேவுக்கும்தான். டெனி பயங்கர வாயாடி. பிறப்பால் ரோமன் கத்தோலிக்கர். வேறு கோயிலில் அப்பம் வாங்கமாட்டேன் என்று சாகக் கிடந்த அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்தவர். எங்கள் திருவிருந்து எல்லோருக்கும் திறந்தது. வேண்டாம் என்பவர்கள் மார்பின் குறுக்கே இரு கைகளையும் வைத்து முழங்காலிட்டால், ஆயர் தலையில் கைவைத்து ஆசி சொல்வார். டெனி ஞாயிறுதோறும் அப்படித்தான்.

"அம்மா புள்ள," என்று சீண்டுவார் லோர்ன்.

"உனக்குக் கெடைக்கிறது காஞ்ச அப்பம். எனக்கு ஒரு கை கெடைக்குது. யாருக்குய்யா லாபம்?" என்பார் டெனி.

டெனியின் நுரையீரல் கெட்ட பிறகுதான் லோர்ன் சிவப்பு நாடாவை எடுக்க ஆரம்பித்தார். வெளியிலிருந்து ஒரு தும்மலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதென்ற பயம். அவ்வளவு காத்தும் பிப்ரவரிக் குளிரில் டெனி போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனை அன்று, கூடைக்குப் பொறுப்பான ப்ரெண்டா பழக்க தோஷத்தில் சிவப்பையே எடுத்து நீட்டினாள். லோர்னும் பழக்க தோஷத்தில் வாங்கிக் குத்திக்கொண்டார். ஆலயம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து, நெஞ்சில் கைவைத்து, தலைகுனிந்து நகர்ந்தோம். நானும்தான். கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் பட்டர் டார்ட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்து நின்றவரை ஒருவரும் தொடவில்லை.

பனி உருகிய பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது பார்த்தேன், லோர்ன் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். போன வாரமும் வெட்டியிருந்தார்.

"என்ன லோர்ன், பட்டாளத்துல சேரப் போறியா?"

"முடி வெட்டுற பொண்ணும் அதைத்தான் கேக்குறா, ஐலா. வெட்ட ஒண்ணுமே இல்ல, எதுக்கு வாராவாரம் வர்றீங்கன்னு." கரைந்துபோன சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கழுவி விடுறப்போ தலைய நல்லாப் புடிச்சு விடுறா. என்னைத் தொடுற ஆளு அவ ஒருத்திதான்."

"அப்புறம் எதுக்குய்யா இந்த எழவெடுத்த சிவப்பு? பச்சைய எடுத்துக்கோயேன்."

"இந்த வயசுல நெஞ்சுல போர்டு மாட்டிக்கிட்டுப் பிச்சை எடுக்கச் சொல்றியா?"

"சரி, நான் கட்டிக்கட்டுமா?"

"வேணாம். இப்பப் பாவம் பாத்துத்தானே கேக்குற?"

பாவம் பார்த்துத்தான் கேட்டேன். கேட்காமலே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் வம்சமே யாரையும் தொட்டுப் பழகாத மரக்கட்டை வம்சம் என்பார் டெனி. சரியாகத்தான் சொன்னார்.

டெனியின் பிறந்தநாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் ஏந்தும் முறை எனக்கு. ஆயர் ஷானா அப்பத்தோடு முன்னால், நான் திராட்சரசத்தோடு பின்னால். பீடத்தின் முன்னால் கிராதி ஓரமாக லோர்ன் முழங்காலிட்டிருந்தார். கைகளை நீட்டவில்லை. மார்பின் குறுக்கே வைத்திருந்தார்.

சின்ன வயதிலிருந்து ஒரு ஞாயிறுகூட அப்பத்தைத் தவறவிடாத மனிதர். அவருக்குப் பின்னால் நின்ற ப்ரெண்டா 'ஐயோ' என்றாள், மனுஷனுக்கு விசுவாசமே போய்விட்டது என்று நினைத்திருப்பாள். ஷானாவும் திகைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அப்பம் உள்ளங்கையில் விழும், அவ்வளவுதான். ஆசிக்குத்தான் தலையில் ஒரு கை உண்டு.

ஷானா கையை நீட்டினாள். நல்ல பெண், எதையும் கவனிப்பவள். அவர் சட்டையிலிருந்த சிவப்பு நாடாவையும் கவனித்துவிட்டாள். கை தலைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. அந்தரத்தில் நிறுத்தியபடியே ஆசி சொல்ல ஆரம்பித்தாள்.

'தொட்டுத் தொலையேம்மா' என்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. எங்கள் ஆலயத்தில் யாரும் கத்துவதில்லை.

லோர்ன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஆசி பாதி முடிந்துவிட்டது, கை இன்னும் இறங்கவில்லை. அப்போது, சுரங்கத்தில் தேய்ந்த அந்த முழங்கால்களை ஊன்றி, மெல்ல மெல்ல உடம்பை நிமிர்த்தினார். ஒட்ட வெட்டிய தலை போய் அவள் உள்ளங்கையில் முட்டும்வரை நிமிர்த்தினார்.

ஷானா பதறிப்போய்க் கையை எடுக்கப் பார்த்தாள்.

"எடுத்துடாதீங்கம்மா," என்றார் லோர்ன். "இன்னும் கொஞ்ச நேரம்."