விமானத்துக்கு வேண்டிய எடை

குனோங் ராபாட் சந்தைக்குப் போக நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறும்போதெல்லாம் என் கணவர் கேட்பார்: "மெதுவா ஏறு லா, டயரு தாங்குமா?" முப்பது வருடங்களாக இதே கேள்வி. முதுகில் ஒரு குத்து விடுவேன். ஆனாலும் ஆத்திரம் அடங்காது.

போன வருடம் மகளைப் பார்க்க ஈப்போவிலிருந்து ஜொகூருக்கு ஒரு சின்ன விமானத்தில் போனோம். இறக்கைகளில் காற்றாடி சுற்றுகிற வகை. பாதி இருக்கைகள் காலி. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் விமானப் பணிப்பெண் வந்து குனிந்தாள்.

"அக்கா, முன்னுக்கு வந்து உக்காருறீங்களா? முன்பக்கம் வெய்ட்டு பத்தல. அது சரியா இருந்தாதான் பிளேன் கிளம்பும்."

எழுந்தேன். கணவரும் கூடவே எழுந்தார்.

"நீங்க இருங்க அங்கிள், அக்கா மட்டும் போதும்" என்று அவரை உட்கார வைத்தாள்.

அத்தனை பேரும் பார்க்க, தலை நிமிர்ந்து நடந்துபோய் முதல் வரிசையில் அமர்ந்தேன். அதற்குப் பிறகுதான் விமானம் நகர்ந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் சந்தைக்குக் கிளம்பினோம். நான் மோட்டாரில் ஏறினேன். அவர் வாயைத் திறந்தார்.

"பிளேனே நான் உக்காந்தப்புறம்தான் பறந்துச்சு. நீங்க மோட்டார எடுங்க" என்றேன்.